மகேஸ்வரி போடாத கையெழுத்து

மைசூர்,
28.11.1999

அன்புள்ள மாமாவுக்கு,

மகேஸ்வரி எழுதுவது. நானும் தீபாவும் சுகம். அப்பாவுக்கு முத்தம் எழுதச் சொன்னாள். மஸ்கட்டில் உங்கள் இருமல் குறைந்ததா?

"கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்" என்ற உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் மறுத்தது புதன்கிழமை. முன்னாலேயே வந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

போன கடிதத்தில் அரைகுறையாக எழுதிவிட்டேன். எங்கள் மருந்துக் கம்பெனி ஸ்டோரில் எந்தப் பொருளை எடுக்கலாம், எது காலாவதி என்று கம்ப்யூட்டர்தான் சொல்கிறது. அதற்கு வருடத்தின் கடைசி இரண்டு எண்கள்தான் தெரியும். சோதனைக்காக அதன் தேதியை 2000 ஜனவரிக்கு மாற்றினோம். இந்த டிசம்பரோடு காலாவதியாகும் பதினோரு டிரம் பொடியை 'நல்லது, எடுக்கலாம்' என்றது. 00-ஐ விட 99 பெரியதாம்! குழந்தைகளின் காய்ச்சல் சிரப்பில் சேரும் பொடி அது.

மேனேஜர் மஞ்சுநாத், 'கம்ப்யூட்டரில் பிழை இல்லை' என்று அச்சடித்த தாளை மறுபடி நீட்டினார். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குப் போக வேண்டியதாம். "ஒந்து சைன் அஷ்டேம்மா, ஒரே ஒரு கையெழுத்துதான். ஜனவரிக்குள்ள சரி பண்ணிடுவாங்க" என்றார். "பண்ணட்டும் சார், அப்புறம் போடறேன்" என்றேன். போடாவிட்டால் பாட்டில் கழுவும் இடத்துக்குப் போக வேண்டும் என்றார். "போறேனுங்க" என்றேன். பேனாவை அழுத்தி, 'பிழை இருக்கிறது' என்று அதே தாளில் எழுதி, டிரம் எண்களையும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதைக் கிழித்துவிட்டு, கூட வேலை செய்யும் லிங்கப்பனிடம் புதுத் தாளைக் கொடுத்தார். ரிட்டயராக ஒரு வருடமே இருப்பவர், பயந்துவிடுவார் என்று நினைத்தேன். "அந்தம்மா எழுதுனதையேதானுங்க நானும் எழுதுவேன்" என்றுவிட்டார்.

இரண்டு பேரும் மறுத்த விஷயம் பெங்களூர் ஹெட் ஆபீசுக்கு எட்டியது. வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அன்றே டிரம்களைத் தனியறையில் வைத்துப் பூட்டினார்கள். கம்ப்யூட்டர் சரியாகும்வரை அட்டையில் கையால் எழுதித்தான் பொருள் எடுக்க வேண்டும். என் இடமாற்றத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. நாளையிலிருந்து பாட்டில் கழுவுகிறேன். நன்றாகவே கழுவுவேன்.

வேறு எதை எழுதும் முன்பும், நான் செய்தது சரி என்று ஒரு வரி எழுதுங்கள். தப்பு என்று தோன்றினால் தபாலில் எழுத வேண்டாம். நேரில் வந்து, தீபாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

நீங்கள் நலமாயிருக்க வேண்டிக்கொள்ளும்,
மகேஸ்வரி