மடித்த கடிதத்தின் பின்பக்கம்

என் எட்டு விரல் நைனாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டேன். "செத்தவன்கிட்ட கேக்கற கேள்வியா இது, கழுதை" என்று சிரிப்பாய். அதனால் இங்கத்திய சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா உன் யூனிஃபார்மைத் துவைத்து, மடித்து, அலமாரியில் உன் தட்டிலேயே வைத்திருக்கிறது. உன் வண்டியை நான் தினமும் ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் உறுமவிட்டு, அணைத்துவிடுகிறேன். ஓட்டுவதில்லை. லைசென்ஸ் வரும்வரை தொடாதே என்று சொன்னவன் நீ. உயிரோடு இருந்தபோது கேட்காத பேச்சை இப்போது கேட்கிறேன், பார்த்தாயா?

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிரஸ் மிஷின் என் நைனாவின் வலது கையிலிருந்து இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அவர் இடது கையால் எழுதப் பழகி, வேறொரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் ஆனார். அப்புறம் பஞ்சர் கடைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். மிஷினில் கையோ விரலோ போனவர்கள் அங்கே வருவார்கள். இஎஸ்ஐ ஃபாரம் எழுதித் தருவார். கரண்டிக் காம்பில் சைக்கிள் டியூப் சுற்றிப் பிடிமானம் செய்து தருவார். ஞாயிறுதோறும் பிசியோ டாக்டர் வந்து கையை மடக்கவும் நீட்டவும் சொல்லித்தருவார். 'மறுகை அறக்கட்டளை' என்று பெயர். ஒரு கை மட்டும் உள்ள ஜெயா அக்கா செயலாளர்.

"எட்டு விரல்காரருக்கு எட்டாதது எது?" என்று நான் கேட்டால், "உன் வாய்தான்" என்பாய்.

சரி, வாயைக் குறைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வர மனசில்லை. அதனால்தான் இவ்வளவு சுற்றல்.

மணவாள நகரில் ஒரு மண்டபத்துக்கு என்னைக் கூட்டிப்போனாயே, ஞாபகம் இருக்கா? ஊர்க்காரர்களும் கடைக்காரர்களும் கம்பெனிகளும் சேர்ந்து போட்ட நிதியை, நம் மாவட்டத்துச் சின்ன அமைப்புகளுக்குக் கொடுக்கிற ஃபவுண்டேஷன். எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரு மேடம் சொல்லித்தந்தார். முதலில் இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு. அது பிடித்திருந்தால் முழு விண்ணப்பம். பதிவுப் பத்திரம், ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கு, கமிட்டி தீர்மானம். "எங்களுக்குக் கஷ்டம்னு எழுதாதீங்க. உங்ககிட்ட வர்றவங்களுக்கு இன்னா மாறுச்சு, இன்னும் இன்னா மாறணும்னு எழுதுங்க" என்றார்.

கடைசியாக ஒன்று. உங்களிடம் வந்தவர்களில் ஐந்து பேரின் கடிதம், அவரவர் சொந்த வார்த்தையில். எழுத முடியாதவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம், எழுதியதைப் படித்துக்காட்ட வேண்டும். புகழ்ச்சி வேண்டாம்.

இதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டது யார்? நான்தான். 'புகழ்ச்சி வேண்டாம்' என்பதற்கு அடியில் கோடுகூடப் போட்டேன்.

நம் குறிப்பு அவர்களுக்குப் பிடித்து, முழு விண்ணப்பம் கேட்டார்கள். அந்த ஞாயிறு நீ மறுகையில் இருந்தாய். என்னிடம் ஐந்து பேர் கொண்ட லிஸ்டைக் கொடுத்து, கடிதம் வாங்கிவரச் சொன்னாய். நான் எங்கே போனேன் தெரியுமா? என் கிளாஸ் ஹேமா வீட்டு மொட்டை மாடிக்கு. அவளுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டி முடித்ததும் ஒரு நோட்டைப் பிரித்து, ஐந்து கடிதத்தையும் நானே எழுதினேன். இடது கையால், ஐந்து விதமான பேனாவில், ஐந்து விதமான கோணலில். எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் என் கையால்தான் லீவ் லெட்டரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

உன் ஸ்டோர் ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கி வந்து, அம்மாவின் டிபன் பாக்ஸ் மூடியில் 'பரிசோதிக்கப்பட்டது' என்று குத்தியபோது நீ வயிறு வலிக்கச் சிரித்தாயே, அந்த மாதிரிதான் இதுவும் என்று நினைத்தேன்.

ஐந்தாவது பெயர் முருகேசன் சித்தப்பா, உன்னை அண்ணா என்று கூப்பிடுகிற உன் ஊர்க்காரர். அவரைப் பொதட்டூர்பேட்டையிலிருந்து கூட்டிவந்து பிரஸ் வேலையில் சேர்த்துவிட்டவன் நீ. அங்கே அவருக்கு நாலு விரல் போயிற்று. அதற்குப் பிறகு அவர் உன்னோடு பேசவே இல்லை. அவருடைய பென்ஷன் ஃபாரத்தை நீ எழுதி, ஜெயா அக்கா கையில் கொடுத்தனுப்பினாய். லிஸ்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, "குடுத்தா வாங்கிக்க, கட்டாயப்படுத்தாதே" என்றாய்.

அவர் எழுதியதாக நான் எழுதியது இதுதான்: 'அண்ணா, என் விரல் போனதுக்கு நீ காரணம் இல்லை. கோபமெல்லாம் போய்விட்டது. நீ இல்லாவிட்டால் நான் இல்லை.'

உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் எழுதினேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எழுத எழுத நன்றாக வந்தது, அவ்வளவுதான். என் சாமர்த்தியத்தில் நானே மயங்கிவிட்டேன்.

நாலு கடிதத்தைச் சும்மா படித்தாய். ஐந்தாவதை இரண்டு தடவை படித்தாய். கண்ணாடியைக் கழற்றினாய்.

"அவனே எழுதினானா?"

"ஆமா நைனா."

"இடது கையிலயா?"

"ஆமா."

"பரவால்ல, எழுத்து தேறிட்டானே."

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். உனக்கு எட்டாத என் வாய், அன்றைக்கு எனக்கே எட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு எளாவூருக்கு, சித்தப்பாவைப் பார்க்கப் போனாய். திரும்பி வந்ததும், "சித்தப்பா இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். "பேசினோம்" என்றாய். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சாப்ட்டியா?" என்று கேட்டாய். சமாதானமாகிவிட்டார்கள் போல என்று நானும் நிம்மதியாகிவிட்டேன். புதன்கிழமை விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தாய். சனிக்கிழமை கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் உன் சட்டைப்பை சாமானை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வாட்ச், ஐடி கார்டு, நாலாக மடித்த ஒரு தாள். ஓரத்தில் இருந்த கேக் க்ரீம் கறையைப் பார்த்ததுமே எந்தத் தாள் என்று தெரிந்துவிட்டது. பிரிக்கவில்லை, நைனா. ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு மூடிவிட்டேன். நான் எழுதின பொய்யை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டே போய்விட்டாய் என்பதை இன்னொரு தடவை படிக்க வேண்டுமா?

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஃபவுண்டேஷன் மேடம் ஜெயா அக்காவுக்குப் போன் செய்தார். விண்ணப்பத்தில் எல்லாம் சரியாக இருக்கிறதாம், ஐந்து கடிதங்கள் மட்டும் இல்லையாம். "அவர்தான் கொஞ்சம் டைம் குடுங்க, நானே நேர்ல போயிக் கேட்டு எழுதி அனுப்பறேன்னு சொல்லியிருந்தார். முடிவு பண்ற குழு கூடறதுக்குள்ள வந்தாகணும்" என்றாராம். வராவிட்டால் நிதி இல்லை. நிதி இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இல்லை, அறையும் இல்லை.

"நீதானேடி வாங்கியாந்தே? எங்க?" என்றது ஜெயா அக்கா.

சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

அக்கா என்னை முறைத்தது. அப்புறம், "உன்னை அறையணும். இருக்கறது ஒரே கை, அதுல ஃபைலு இருக்குது. போய் முருகேசனைப் பாரு, போ" என்றது.

போனேன். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. அங்கே ஒரு டீக்கடையில் சித்தப்பா இடது கையால் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா வேணும்?"

"நான் பவானி..."

"தெரியுது. அந்த மூக்கு வேற யாருக்கு இருக்குது?"

அழக்கூடாது என்றுதான் போனேன். அழுதுகொண்டே, அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஓ! நீதான் அந்த முருகேசனா?"

எனக்குச் சிரிப்பும் வந்து தொலைத்தது.

"உங்க நைனா வந்து இதோ இந்த பெஞ்சுலதான் குந்தினாரு. வருசக்கணக்கா பேசாத ஆளு, சிரிச்சிக்கினே வராரு. லெட்டரைக் காட்டினாரு. படிச்சேன். 'யோவ் அண்ணா, இத்த எழுதினவன் ரொம்ப நல்லவன்யா, அது நான் இல்ல'ன்னேன். அவரு மூஞ்சி..."

ஒரு டிரைவருக்கு டீ கொடுத்துவிட்டு வந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. 'அப்போ நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்'னாரு. பேப்பர் இல்ல. அதையே திருப்பிப் போட்டு எழுதினாரு. நான் திட்டத் திட்ட எழுதிக்கினே இருந்தாரு, ஒரு வார்த்தை உடல. நடுவுல, 'கொஞ்சம் மெதுவா திட்டுடா, இடது கை'ங்கறாரு. ஏன், நீ பாக்கலியா?"

ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். தாளைப் பிரித்துத் திருப்பினேன். வலது பக்கமாகச் சாய்ந்து நடக்கும் உன் எழுத்து.

'முருகேசன் சொன்னது. ரெண்டு விரலு போன ஆளு நீ. அந்த மிஷின் எப்படின்னு தெரிஞ்ச ஆளு. நீயே என்னை அங்க கூட்டினு போயி உட்டே. அதை மறக்க மாட்டேன். பென்ஷன் ஃபாரம் எழுதினது நீதான்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ரெண்டு புள்ளைங்க. ஜெயா குடுத்த டியூப் சுத்தின கரண்டி நல்லா இருக்குது. கை இன்னும் சரியா மடங்கல. ஞாயித்துக்கெழம டாக்டரைப் பாக்க வரேன். உன்னைப் பாக்க இல்ல. கோவம் போவல.'

அதற்குக் கீழே: 'படித்துக் காட்டினேன். சரி என்றான்.'

"வந்தேன், அந்த ஞாயித்துக்கெழம. ரூமு பூட்டியிருந்துச்சு. பஞ்சர் கடைக்காரன்தான் சொன்னான்" என்றார் சித்தப்பா.

செவ்வாயிலிருந்து சனி வரை நாலு நாள். உனக்குத் தெரியும். என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், என் பொரியலைத் திருடித் தின்றாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் நைனா? ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துத் திட்டலாம் என்று இருந்தாயா? நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயா?

மற்ற நாலு பேர் வீட்டுக்கும் நானும் ஜெயா அக்காவும் நடந்தோம். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன், படித்துக்காட்டினேன். ஓர் அக்கா, மறுகையில் பெண்களுக்குப் பாத்ரூம் இல்லை, ஞாயிறு முழுக்கத் தண்ணி குடிக்காமல் இருக்கிறேன் என்றார். அதையும் எழுதிவிட்டேன்.

ஜெராக்ஸ் கடையில் ஜெயா அக்கா காதோடு காதாக, "பின்பக்கம் மட்டும் போடு போதும். முன்பக்கம் அவங்களுக்கு எதுக்கு? உன் விளையாட்டுக்கு ஊர்ப்பட்ட கை பாழாவணுமா?" என்றது. அதுவும் நியாயம்தான். என் உண்மைக்கு விலை கொடுக்கப்போவது நான் இல்லையே. ஆனால் அந்தப் பக்கத்தை மறைத்தால் அதுவும் ஒரு பொய்தானே? கடைக்காரர் நிமிர்ந்து, "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்றார்.

"ரெண்டு பக்கமும்ணா."

அக்கா வழியெல்லாம் என்னை விட்டு முன்னால் நடந்தது. கவரை ஒட்டும்போது மட்டும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

போன ஞாயிறு மேடம் மறுகையைப் பார்க்க வந்தார். தாளை இரண்டு பக்கமும் படித்துவிட்டு, "முன்பக்கம் யார் எழுதினது?" என்றார். எழுந்து நின்றேன். "இதையும் குழு முன்னாடி வைக்கணும்மா. என்ன முடிவு பண்ணுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார். வாசலில் நின்ற முருகேசன் சித்தப்பா, "பின்பக்கம் நான் சொன்னதுதாங்க, அதுல ஒரு எழுத்து பொய் இல்ல" என்றார். உடனே என் பக்கம் திரும்பி, "நான் டாக்டரைப் பாக்கத்தான் வந்தேன்" என்றார்.

முடிவு இன்னும் வரவில்லை. கிடைக்காமல் போனால் அது என்னால்தான். அதை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கிடைக்காவிட்டால் அடுத்த தடவை திரும்ப விண்ணப்பிக்கலாமாம். அதற்குள் எத்தனை ஞாயிறு போகும்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பஞ்சர் கடை வாசலில் நின்றாவது, ஞாயிறுதோறும் உன் பேனாவோடு இருப்பேன். வருகிறவர்கள் சொல்வதை எழுதுவேன். புகழ்ந்தாலும் திட்டினாலும் ஒரு வார்த்தை விடமாட்டேன். எழுதியதைப் படித்துக்காட்டுவேன். அவர்கள் சரி என்ற பிறகுதான் மடிப்பேன்.

உனக்கும் ஒரு பக்கம் காலியாக வைத்திருக்கிறேன். அந்த நாலு நாள் சொல்லாமல் விட்டதை எப்போதாவது சொல்லு. மெதுவாகத் திட்டு, நைனா. எழுதிக்கொள்கிறேன்.

சொந்தக் கையெழுத்தில்,
உன் பொண்ணு
பவானி