மஞ்சள் பொட்டு வண்டு

மாப்ள, உன் பதினாறாம் நாள் பந்தியில் வடையை இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றவன் நான்தான். புறப்படும்போது உன் வீட்டம்மா ஒரு தீப்பெட்டியைக் கையில் வைத்தார். "அவுக பத்திரமா வச்சிருந்தாக அண்ணே. ஒங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்."

தெரியும். நன்றாகவே தெரியும்.

பசுமலைச் சரிவில் ஆவாரம்பூ மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தால் போதும், உனக்கு வகுப்பு, பிள்ளைகள் எல்லாம் மறந்துவிடும். பூவில் மேயும் அந்தச் சின்னப் பொன்வண்டுகளுக்காக முள்ளில் வேட்டியைக் கிழித்துக்கொண்டு அலைவாய். புதுசாக ஒன்று சிக்கினால் உன் பேரையே அதற்கு வைக்கச் சொல்லிச் சீமைக்கு எழுதுவதாகப் பூச்சி சேர்க்கும் வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார். "செத்தாலும் என் பேரு பறக்கும் மாப்ள" என்பாய்.

எனக்கு அது பொறுக்குமா? ஒரு பச்சை வண்டைப் பிடித்து, ஜட்கா வண்டிக்கு அடிக்கிற மஞ்சள் பெயிண்டை ஈர்க்கால் தொட்டு முதுகில் நாலு பொட்டு வைத்தேன். தொட்டால் செத்ததுபோல் நடிக்கும் ஜாதி அது, வசதியாகப் போயிற்று. நீ வரும் வழியில் ஒரு பூவில் வைத்துவிட்டு ஒளிந்துகொண்டேன். நீ கண்டெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

நேரே துரையிடம் கொண்டுபோனாய். அவர் ஸ்பிரிட் பஞ்சால் ஒரே இழுப்பு. பஞ்சு மஞ்சளானது. "வாத்தியாரே, இது பெயிண்டர் ஜாதி!" என்றார். அதன்பின் பள்ளிக்கூடம் முழுக்க உனக்கு அதுதான் பேர். பேர் கிடைத்துவிட்டது, பார்.

மறு வருஷம் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் இந்தத் தீப்பெட்டியோடு என்னிடம்தான் வந்தாய். "நெசமாவே நாலு பொட்டு மாப்ள. யாரையும் நம்ப முடியல. நீ பாத்துச் சொல்லு, தொரைகிட்டப் போறேன்."

நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. எச்சில் தொட்டுச் சுரண்டினேன். ஓட்டில் கீறல்தான் விழுந்தது. சுற்றிலும் வாத்தியார்மார் நின்றார்கள். ஆள் கூடிவிட்டால் என் வாய் எனக்குச் சொந்தமில்லை. "இந்தத் தடவ அம்புட்டும் கெட்டிச் சாயம்டோய்!" என்றேன். டிரில் மாஸ்டருக்குப் புரையேறிவிட்டது.

நீ பெட்டியை மூடினாய். அப்புறம் துரை வீட்டுப் பக்கமே போகவில்லை.

இன்று காலை ஸ்பிரிட் வாங்கி வந்து வண்டின் முதுகைத் துடைத்துப் பார்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருக்கிறது, மாப்ள. என் நகக் கீறலும் அப்படியே இருக்கிறது.

சாயங்காலம் காப்பி கிளப்புக் கடையில் அந்தப் பெயிண்ட் கதையைக் கேட்டார்கள். சொன்னேன். துரையின் பஞ்சு மஞ்சளானதோடு நிறுத்திக்கொண்டேன். நல்ல சிரிப்பு. தீப்பெட்டி என் சட்டைப்பையில்தான் இருந்தது.