வேப்பிலை இறங்கிய வாசல்கள்

திருத்தணி,
பங்குனி, 1946

பொற்கொடியே, கேள்! எனக்குக் கைதட்டிய ஊர் இன்று என்னிடம் உண்மையை மறைக்கிறது.

அன்னையார்க்கு என் வணக்கம். இருமல் தணிந்ததா? நான் நலமே.

இங்கே அம்மை பரவுகிறது. எவ்வெவ் வீட்டில் நோயுண்டு என அறிந்து, மற்றவர்க்கு அம்மை குத்தச் செய்வதே என் பணி. சென்ற கிழமை நெசவாளர் தெருவில், "வாசலில் வேப்பிலை செருகுவது மடமை! பிடுங்கி எறியுங்கள்!" என்று முழங்கினேன். மறுநாள் ஒரு வாசலிலும் வேப்பிலை இல்லை. வீடுதோறும் "நோயில்லை" என்றார்கள். நம்பி மகிழ்ந்தேன், நீ நகைக்கலாம்.

தறிக்காரர் மனைவி கோமளவல்லிதான் உடைத்தார்: "நீங்கதானேங்க எடுக்கச் சொன்னீங்க? எடுத்துட்டோம். ஆத்தா எந்த வூட்ல குந்திகினு இருக்கான்னு இனிமே நீங்களே மோந்து பார்த்துக்குங்க!"

அயலாரை வாசலிலேயே நிறுத்தியது அந்த வேப்பிலைதான். இப்போது குழந்தைகள் எல்லா வீட்டிலும் புகுந்து விளையாடுகிறார்கள். என்னால் உறங்க இயலவில்லை.

இனி மேடை உதவாது. அடுப்படியில் அமர்ந்து பெண்களோடு பேசவேண்டும். அங்கே என்னை யார் விடுவார்? அம்மை கண்டு பிழைத்த உன் முகத்திற்குக் கதவு திறக்கும். உனக்கு அது மீண்டும் வாராது.

சிறிது புளிக்காய்ச்சலும் ஊசியும் கொண்டு வா. நூல் இங்கே தெருவெல்லாம் உண்டு. என் சட்டையைத் தைப்பவர்தாம் இல்லை. அன்னையாரைத் தங்கை பார்த்துக்கொள்ளட்டும்.

அஞ்சல் பையைக் கட்டுகிறார்கள். வேப்பிலையை மீண்டும் செருகுமாறு நான் சொன்னால் கைதான் தட்டுவார்கள், செருகமாட்டார்கள். நீ வந்து சொல். மறுமொழி எழுதாதே, இன்றே வண்டி ஏறு!

உன்
இளவழகன்