விட்டுப்போன சால்

அன்புள்ள வெண்டெல் அவர்களுக்கு,

மார்லிஸ் எழுதுகிறேன். அரிசோனாவில் மகள் வீட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே அயோவாவில் நாங்களும் நலம் என்று இப்போதுதான் தைரியமாக எழுத முடிகிறது. ஆர்லின் கைத்தடி பிடித்து நடக்கிறார். பேச்சு மட்டும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது.

அக்டோபரில் பக்கவாதம் வந்து அவர் விழுந்தபோது, அக்கம்பக்கத்தார் இயந்திரங்களோடு வந்து ஒரே நாளில் எங்கள் மக்காச்சோளத்தை அறுத்துக் கொடுத்தார்கள். அந்த நன்றி சாகும்வரை இருக்கும். ஆனால் மேட்டு மண்ணை மழை அரிக்காமல் பிடித்துவைக்க அவர் குளிர்காலத்துக்குப் போடும் ரைப் புல்லை விதைக்க யாரும் முன்வரவில்லை. குற்றம் சொல்ல மாட்டேன். அறுக்காத பயிரை எதற்கு விதைப்பது என்பது அவர்கள் எண்ணம். காப்பிக் கடையில் நீங்களே, "ஏம்ப்பா ஆர்லின், மாடும் இல்ல கன்னும் இல்ல, யாரு மேயறதுக்கு இந்தப் புல்லு?" என்று கேட்டவர்தானே. அவரும் சும்மா இருந்தாரா? "உன் மண்ணு பூரா என் வாய்க்கால்ல கெடக்கு, வந்து அள்ளிட்டுப் போ" என்றார். அதோடு மூன்று வருடம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு இருந்த ஒரே கவலை அந்த மேட்டு நிலம்தான். "மழை மறுபடி அரித்தால் விற்றுவிடு" என்று இடது கையால் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்தார். நான் பகலெல்லாம் அவரோடு இருந்தேன். நவம்பரில் ஒரு மாலை வந்து பார்த்தால் கொட்டகையில் ரை மூட்டைகள் இல்லை. விதைக் கடைக்காரர் திரும்ப எடுத்துப்போனார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பனி மூடிவிட்டது.

மார்ச்சில் பனி உருகியதும் மேடு முழுக்கப் பச்சை! அவரைக் காரில் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். விரல் நீட்டி எண்ணினார். இயந்திரம் போய்வந்த ஒவ்வொரு நடையிலும் ஒரு சால் மொட்டையாக இருந்தது. "குழாய்... அடைப்பு" என்றார். பிறகு "வெண்டெல்" என்றார். சிரித்துச் சிரித்து எங்கள் இருவர் கண்ணிலும் நீர் வந்துவிட்டது. விதைக்கிற இயந்திரத்தில் அடைத்த குழாயை இருபது வருடமாகச் சுத்தம் செய்யாதவர் இந்த வட்டாரத்தில் வேறு யார்?

போன வாரம் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. குடையோடு வாய்க்காலுக்குப் போனேன். மண் கலக்காமல் தண்ணீர் தெளிவாக ஓடியது. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். வந்து சொன்னதும் அந்தக் காகிதத்தை அவரே கிழித்துப் போட்டார்.

இந்தக் கோடைக்கு நீங்கள் ஊருக்கு வரப்போவதில்லை என்று கேள்விப்பட்டோம். சோயா விதைக்குமுன் ரையைச் சாகடித்தாக வேண்டும். நீங்கள் ஒருமுறை பார்க்கட்டும், அதுவரை யாரும் களைக்கொல்லி மருந்து தெளிக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறார். மே பத்து வரைதான் பொறுக்க முடியும். "வரச் சொல்லு. குழாய... நான் சுத்தம் பண்றேன்" என்று எழுதச் சொன்னார். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகு நேரம் ஆனது.

கடவுள் உங்களைப் பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

நன்றி மறவாத,
மார்லிஸ்