விலாசம் பார்க்க வந்தவர்

12.6.2003, வியாழன்

பெரிய பேரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். சின்னவன் பாலிடெக்னிக் முடித்துவிட்டான். பேத்தி செல்வி வேலூர் பக்கத்தில் அரசாங்க நர்ஸ். மூன்று பேரும் ராயபுரத்தில் இந்தக் கிடங்குச் சுவரோரப் பிளாட்பாரத்தில் வளர்ந்தவர்கள்தான்.

செல்வியின் வேலைக்காக விலாசம் சரிபார்க்க இன்று போலீஸ்காரர் வந்தார். புளியந்தோப்பில் அவள் சித்தி வீட்டு விலாசத்தைக் கொடுக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்தான் ரேஷன் கார்டில் இருக்கும் இந்தப் பிளாட்பார விலாசத்தையே எழுத வைத்தேன். வேலை போனால் பழி என் மேல்தான்.

விடியற்காலையில் பெருக்கிக் கோலம் போட்டிருந்தேன். அவர் பூட்ஸ் காலோடு அதன் மேலேயே நின்றார்.

"ஏம்மா, இதுல வூடு எங்க கீது?"

"நீ நின்னுகினு கீறியே நைனா, அதான் வூடு. பூட்ஸைக் கழட்டு."

பக்கத்து அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்த ரோசி சிரித்துவிட்டாள். அவர் என்னையே பார்த்தார். பிறகு பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்.

"எத்தினி வருசமா கீறீங்க?"

"கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து."

அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். அதற்கு என் அஞ்சாங்கிளாஸ் போதும். 'மேற்படி விலாசத்தில் குடியிருக்கிறார்கள்' என்று இருந்தது.

மேலதிகாரிகள் என்ன சொல்வார்களோ, தெரியவில்லை.

செல்விக்கு நாளைக்கே கடிதம் போட வேண்டும். இப்படி எழுதுவேன்: உன் பழைய போட்டோ மழையில் ஊறிவிட்டது. வெள்ளை உடுப்போடு புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு கண்ணு. விலாசம் இதேதான்.