மாப்பிள்ளை என்ன செய்கிறார்?

காவாந்தண்டலம்
2-9-2025

அன்புத் தங்கை கீர்த்திக்கு,

அண்ணன் எழில் எழுதுவது. கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தாலே அம்மா, "ஸ்பீக்கர்ல போடுடா" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அதற்குப் பிறகு நாம் பேசுவது போய் அம்மாதான் பேசுகிறாள். அதனால் உத்திரமேரூர் தபால் ஆபீசில் கவர் வாங்கியிருக்கிறேன். பதிலும் கவரிலேயே வரட்டும்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மா மட்டும் தன் சுகத்தை ஒப்புக்கொள்ள மாட்டாள். சம்பா நாற்று நன்றாக வந்திருக்கிறது. சிவப்பு மாடு சினையாக இருக்கிறது.

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நம் வகையறாவில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் முதல் ஆள் நீ. பால் சொசைட்டியில் யாராவது கேட்டால், "சமூகவியல், ஹைதராபாத்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். நைனா இருந்திருந்தால் என்னைவிடச் சத்தமாகச் சொல்லியிருப்பார்.

இப்போது சண்டை. கோடையில் வந்தாய். விவசாயம் செய்யும் ஆண்களுக்கு ஏன் பெண் கிடைப்பதில்லை என்று ஊர் ஊராக, வீடு வீடாகக் கேட்டாய். அத்தனை ஊருக்கும் உன்னை வண்டியில் கொண்டுபோய் விட்டவன் நான். முப்பத்து நாலு வயதாகியும் அதே குறையோடு முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டியவனை நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீக்கடையில் என்ன பேச்சு தெரியுமா? "இன்னா எழிலு, உன் தங்கச்சி எடுத்துக்கினு போன கணக்குல உன் பேரு மொதல்ல கீதா, கடைசில கீதா?" நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

வீரபத்திரன் மாமா ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். மதுராந்தகம் பக்கம். பெண் பெயர் பூஜா, ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். நான் ஒரகடத்தில் கம்பெனி சூப்பர்வைசர் என்று மாமா அங்கே சொல்லிவிட்டார். "ஏன் மாமா பொய் சொன்னே" என்றால், "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்க சொல்லிகீறாங்க. நான் ஒண்ணுதாண்டா சொன்னேன், மிச்சம் அப்டியே கீது" என்கிறார். அந்த ஒன்றை உண்மையாக்க நான் கான்ட்ராக்டில் சேர்ந்து கழுத்தில் ஐடி கார்டு மாட்ட வேண்டுமாம். கல்யாணம் முடியும்வரை கம்பெனி பஸ்ஸில் போய்வர வேண்டும். நிலத்தை இந்தச் சம்பாவுக்குக் குத்தகைக்கு விட வேண்டும். மாமாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அம்மா தோஷம் என்கிறாள். அத்தை என் கறுப்பைச் சொல்கிறாள். மாமா என் வாயைச் சொல்கிறார். நீ படித்தவள், நீ சொல். உன் ஆராய்ச்சியில் எனக்கு என்ன குறை என்று போட்டிருக்கிறாய்?

அன்புடன்,
அண்ணன் எழில்


ஹைதராபாத்
15-9-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கவரின் மேல் உன் கோணல் எழுத்தைப் பார்த்ததும் விடுதி வாசலிலேயே நின்று படித்து முடித்தேன்.

உன்னைக் கேட்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஞானசுந்தரி மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார்: "உங்க வீட்டுல நீயே போய்க் கேட்டா, உனக்குப் பிடிச்ச பதிலைத்தான் சொல்லுவாங்க. அதையும் நீ நம்பிடுவே." அவர் சொன்னது பாதிதான். மீதி என் பயம். நீ என்ன சொன்னாலும் எனக்கு அழுகை வந்திருக்கும். அழுதுகொண்டே யாரும் குறிப்பு எடுக்க முடியாது.

உனக்கு என்ன குறை என்று கேட்டிருக்கிறாய். நான் போன எல்லா வீட்டிலும் ஒரு குறை சொன்னார்கள் அண்ணா. ஒரு வீட்டில் செவ்வாய் தோஷம், இன்னொரு வீட்டில் மாமியாராகப் போகிறவளின் வாய். ஒரு வீட்டில் வாசல் தெற்கு பார்த்திருக்கிறதாம். காரணம் வீட்டுக்கு வீடு வேறு, முடிவு மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்று. ஒரு நாற்று வாடினால் நீ நாற்றைப் பிடுங்கிப் பார்ப்பாய். வயல் முழுக்க வாடினால் மடையைத்தானே போய்ப் பார்ப்பாய்? எங்கள் படிப்பு செய்வதும் அதுதான்.

தோஷத்தையும் நான் சும்மா விடவில்லை. அதே ஊர்களில் அதே தோஷம் உள்ள அரசு வேலைக்காரர்களைத் தேடிப் பார்த்தேன். கல்யாணம் ஆகாத ஒருவரும் அகப்படவில்லை. சம்பளம் வந்தால் செவ்வாய் தானாக நகர்ந்துவிடுகிறது போலிருக்கிறது. கறுப்புக்கும் அப்படியே.

மடைப்பக்கம் பார்த்தால் வேறு கதை. நீங்கள் எல்லாம் பிறந்த காலத்தில் பெண் குழந்தை வேண்டாம் என்ற வீடுகள் இருந்தன. அதனால் பெண்களே குறைவு. இருக்கிற பெண்களையும் ஒவ்வொரு வீடும் தன் சாதிக்குள், அதிலும் தன் வகையறாவுக்குள் மட்டும் தேடுகிறது. அந்தப் பெண்களோ படித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி வேனுக்கு நிற்கும் தேவயானி என்ற பெண் சொன்னாள்: "விவசாயி வேணாம்னு இல்லக்கா. எங்கம்மா இருட்டுல ஏந்து மாட்டுக்குப் பண்ணிட்டு, வூட்டுக்குப் பண்ணிட்டு, வயலுக்கும் போவுது. எங்கம்மா மாதிரி ஆவ வேணாம்." அவள் சொன்னதில் உன் பெயர் எங்கே இருக்கிறது? உன்னை அவளுக்குத் தெரியவே தெரியாது.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

மாகறல் சுகுமாரையும் நான் பார்த்துப் பேசினேன். மூன்று வருடத்துக்கு முன்னால் என்னைப் பெண் கேட்டு வந்தார்களே, அந்தச் சுகுமார். உன்னைப்போலவே சொந்த நிலம், உன்னைப்போலவே டிகிரி. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எத்தனை இடத்தில் தட்டிப்போனது என்று கேட்டேன். "உங்க வூட்டுல இருந்தே ஆரம்பிக்கட்டுமா?" என்று சிரித்தார். நீ அன்றைக்கு அவர்களிடம், "என் தங்கச்சி சாணி அள்ளறதுக்குப் படிக்கல" என்று சொல்லி அனுப்பினாயாம். எனக்கு அதுவரை தெரியாது. "உங்க அண்ணன் மேல வருத்தம் இல்லம்மா. என் தங்கச்சிக்கு ஒரு விவசாயி கேட்டு வந்தப்போ நானும் அதான் சொன்னேன்" என்றார்.

என்னை அன்றைக்கு நீங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், எனக்குப் படிக்க வேண்டியிருந்தது. ஆனால் அண்ணா, நான் தேடிப்போன பதில் நம் வீட்டிலேயே இருந்தது. விவசாயம் செய்கிற வீடே விவசாயிக்குப் பெண் தருவதில்லை. இதை எழுதாமல் என் ஆய்வு முழுதாகாது. எழுதினால் அது நீ என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். உன் சம்மதம் இல்லாமல் ஆய்வில் சேர்க்க மாட்டேன். வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுகிறேன்.

மாமா சொல்கிற ஐடி கார்டு மட்டும் வேண்டாம். மற்றது உன் இஷ்டம்.

உன் தங்கை,
கீர்த்தி


ஹைதராபாத்
24-10-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தீபாவளிப் பார்சல் வந்தது. அதிரசம், முறுக்கு, ஒரு பாட்டில் நெய் எல்லாம் இருந்தன. கூடவே ஒரு வரி இருக்கும் என்று சுற்றியிருந்த தினசரித் தாளைக்கூடப் பிரித்துப் பார்த்தேன்.

போனில் அம்மா, "அவன் வயலுக்குப் போய்க்கீறான்" என்கிறாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் நீ வயலில்தான் இருக்கிறாய். வயலில் இருப்பதால் நிலத்தைக் குத்தகைக்கு விடவில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டேன். கோபம் என்றால் கோபம் என்று எழுது. அந்தப் பகுதியை எழுதி எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் மேடத்திடம் கொடுக்கவில்லை.

கீர்த்தி


காவாந்தண்டலம்
16-11-2025

அன்புத் தங்கை கீர்த்திக்கு,

எழில் எழுதுவது. இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து இது ஒரே பதில்.

கோபம்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன்னை வண்டியில் வைத்து ஊர் ஊராகச் சுற்றியது என் வார்த்தையை நீயே எனக்குப் படித்துக் காட்டவா என்று இருந்தது. அம்மா பார்சல் கட்டும்போது, "நாலு வரி எழுதி வை" என்றாள். வைக்க மனம் வரவில்லை. நெய் மட்டும் நான் வைத்தேன்.

உன் மேல் காட்ட முடியாத கோபத்தைச் சுகுமார் மேல் காட்டலாம் என்று மாகறலுக்குப் போனேன். அவர் செய்யாற்றங்கரை வயலில் களை எடுக்கும் ஆட்களோடு நின்றார். என்னைப் பார்த்ததும், "வா எழிலு, டீ சொல்றேன்" என்றார். சண்டைக்கு வந்தவனுக்கு டீ கொடுத்தால் அவன் எப்படிச் சண்டை போடுவது?

அவர் வயலில் ஒரு வைக்கோல் பொம்மை நிற்கிறது. அதன் கழுத்தில் ஐடி கார்டு தொங்குகிறது. கல்யாணத்துக்காக அவரும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தாராம். நிச்சயம் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் கான்ட்ராக்ட் முடிந்து, பெண் வீட்டுக்கு விஷயம் தெரிந்து, எல்லாம் போனது. திரும்பி வந்து பார்த்தால் வயலில் வேலிக்காத்தான் முள்செடி முளைத்துக் கிடந்ததாம். "வேரோட புடுங்கறதுக்கே ஒரு பட்டம் பயிரே போச்சு. கார்டை எதுக்கு வீணாக்கறது, இதுக்காச்சும் கம்பெனி வேலை கெடைக்கட்டுமேன்னு மாட்டிட்டேன்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் களை எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கீர்த்தி, நான் அப்படிச் சிரித்து வெகு காலம் ஆகிறது.

திரும்பி வரும்போது உன் கடிதம் முழுக்க எனக்குப் புரிந்துவிட்டது. உன்னை அவருக்குத் தர மாட்டேன் என்றபோது நான் சுகுமாரைப் பார்த்தா சொன்னேன்? அந்த ஆளின் முகம்கூட அன்று என் மனதில் இல்லை. உன்னைத்தான் பார்த்தேன். சைக்கிளில் மழையோடு பள்ளிக்கூடம் போய் வந்த உன்னைப் பார்த்தேன். அப்படியானால் என்னை வேண்டாம் என்றவர்களும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவரவர் பெண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருடம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்து கண்ணாடி முன் நின்று என் மூஞ்சியில் குறையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று சொன்னதற்காக நான் வெட்கப்பட மாட்டேன். நீ இன்று இருக்கும் இடத்தைப் பார்த்தால் மறுபடியும் தர மாட்டேன் என்றுதான் சொல்வேன். சாணி என்றதை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். தினமும் நான் அள்ளுவதுதானே, அதைக் கேவலமாகச் சொல்லியிருக்கக் கூடாது. இன்னொன்று, இனி உன்னைக் கேட்காமல் யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன்.

மதுராந்தகத்துக்கும் போய் வந்தேன். மாமாவை வழியில் எதுவும் பேச விடவில்லை. உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா பாஸ்கர் கேட்டார், "மாப்பிள்ளை எந்த ஷிப்டு?" நான் சொன்னேன், "ஷிப்டு கெடையாதுங்க. நான் விவசாயி. மூணு ஏக்கர் நஞ்சை, ரெண்டு மாடு. கம்பெனின்னு மாமா சொன்னது பொய்." மாமா கேசரித் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

பாஸ்கர் நல்ல மனிதர். "தம்பி, உங்களை ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா பொண்ணை..." என்று இழுத்தார். "சாணி அள்ளறதுக்குப் படிக்க வைக்கல, அதானேங்க? நானும் என் தங்கச்சிக்கு அதான் சொன்னேன்" என்றேன். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "எதுக்கும் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றேன். கேட்டார்கள். பூஜா நேராக என்னிடமே சொன்னாள்: "வேலையை விட மாட்டேங்க. உங்க ஊர்ல இருந்து காலையில எங்க ஸ்கூலுக்கு பஸ்ஸும் கெடையாது." நியாயமான பேச்சு. கேசரியைச் சாப்பிட்டு முடித்து, கும்பிட்டுவிட்டு வந்தேன். பெண் பார்க்கப் போன வீட்டிலிருந்து தலை நிமிர்ந்து நான் வெளியே வந்தது இதுதான் முதல் தடவை.

வழியெல்லாம் மாமா, "வந்த வரனைக் கெடுத்துக்கினியே" என்று புலம்பினார். எனக்கு வருத்தம் இல்லையா என்றால் இருக்கிறது. தனியாகச் சாப்பிட உட்காரும்போது இருக்கிறது. ஆனால் அவமானம் போய்விட்டது. இரண்டும் ஒன்று என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவமானத்தை எடுத்தது எந்த ஜோசியனும் இல்லை, என் தங்கையின் படிப்பு. அதை நான் சொசைட்டியில் சத்தமாகச் சொல்லத்தான் போகிறேன்.

அந்தப் பகுதியை மேடத்திடம் கொடு. எடுக்காதே. பேரையும் மாற்றாதே. ராமன் என்றும் குமார் என்றும் போட்டு என்னை ஒளித்து வைக்காதே. நான் ஒன்றும் திருடவில்லை.

அன்புடன்,
அண்ணன் எழில்


ஹைதராபாத்
8-1-2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை ஞானசுந்தரி மேடத்திடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நான் வேணாம்னது தப்பு. உங்க அண்ணனை முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார். அதனால் பொங்கலுக்கு என் கேள்விகளை எடுத்துக்கொண்டு வருகிறேன். இந்தத் தடவை நீ வண்டி ஓட்ட வேண்டாம். களத்து மேட்டில் என் எதிரே உட்கார், நான் ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். அழுகை வந்தால் வரட்டும், துடைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆய்வுக்குள் பேர் போடக்கூடாது என்பது எங்கள் சட்டம், அதை என்னால் மீற முடியாது. அங்கே நீ "ஆய்வாளரின் அண்ணன்" என்று மட்டும்தான் வருவாய். கோபித்துக்கொள்ளாதே. ஆனால் ஆய்வேட்டின் முதல் பக்கத்துக்கு எந்தச் சட்டமும் கிடையாது. அது யாருக்குச் சமர்ப்பணம் என்பது என் இஷ்டம். அண்ணனுக்கு என்று எழுதிப் பார்த்தேன், போதவில்லை. பெண் வீடுகளில் எல்லாரும் கேட்கிற 'மாப்பிள்ளை என்ன செய்கிறார்?' என்ற கேள்விக்கு அந்தப் பக்கம் பதில் சொல்லட்டும் என்று இப்படி மாற்றி எழுதி வைத்துவிட்டேன்:

எழில், விவசாயி, காவாந்தண்டலம் அவர்களுக்கு.

உன் தங்கை,
கீர்த்தி