ஒரே குரல், இரண்டு இடம்

மார்ச் 3

மன்னித்துக்கொள், நோட்டே. கல்லூரிப் பாடம் எழுத வாங்கிய உன்னில் புலம்பலை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் உதவி மேஜையில் இது எனக்கு ஆறாவது மாதம். மாதக் கடைசியில்தான் வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று தெரியும். எங்கள் தலைவர் (நான் வைத்த பெயர் சிடுமூஞ்சி) இன்று எல்லோர் முன்னாலும் சொன்னார்: "உனக்கு வாயே இல்லம்மா. உன்ன எவன் போன் வேலைக்கு எடுத்தான்?"

மார்ச் 5

எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் வாங்கியது பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் பதில் சொல்லவா என்று அம்மா கேட்டாள். சிரித்தேன். கொஞ்சம் வலித்தது.

மார்ச் 10

சுற்றறிக்கை வந்தது. ஒருவர் பேசிய வீடியோ சிறிது கிடைத்தால் போதுமாம், அவர் குரலிலேயே கம்ப்யூட்டரைப் பேசவைத்துத் திருடுகிறார்களாம். சிடுமூஞ்சி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 17

 நடந்ததை நிதானமாக எழுதுகிறேன்.

காலை பதினொன்று. மேஜை செல்போனில் ஆஸ்பத்திரிக்கே தலைமையான பெரிய டாக்டர். அதே கரகரப்பு, அதே அவசரம். அவர் போன் தொலைந்துவிட்டதாம். பாஸ்வேர்டை மாற்றி, சொல்லும் புது நம்பருக்கு அனுப்ப வேண்டுமாம். அதை வைத்து எல்லா நோயாளிகளின் விவரங்களையும் திறக்கலாம். "பெரிய டாக்டர்கிட்ட என்ன யோசனை? செஞ்சு குடு," என்றார் சிடுமூஞ்சி.

நிஜமாகவே நீங்கள்தானா? எப்படிக் கேட்பது, அவரிடம் போய்? கேட்பதைவிடப் போய்ப் பார்ப்பது சுலபம். "இதோ பாக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே அந்த நேரத்தில் அவர் இருக்கும் வார்டுக்கு மூன்று மாடி இறங்கினேன்.

வார்டு வாசலில் பெரிய டாக்டர் நர்ஸைக் கடிந்துகொண்டிருந்தார். என் காதிலும் அவரே: "என்னம்மா இவ்ளோ நேரம்?"

ஸ்பீக்கரைப் போட்டு அவர் முன் நீட்டினேன். தன் குரலே அதட்டுவதைக் கேட்டு, நர்ஸை விட்டுவிட்டுப் போன் பக்கம் குனிந்தார். பிறகு மெதுவாக, "நான் இவ்ளோ மோசமாவா பேசறேன்?" என்றார். இணைப்பு பட்டென்று அறுந்தது.

மார்ச் 18

வேறொரு ஆஸ்பத்திரிக்கும் இதே போல அழைப்பு போயிருக்கிறது. அங்கே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். எல்லாக் கம்ப்யூட்டரும் முடங்கி, ஆபரேஷன்களைத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

சிடுமூஞ்சி எனக்கு டீ வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். வாங்கி வந்தார்!

மார்ச் 31

நிரந்தரம். பெரிய டாக்டரே கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார். வேறென்ன வேணும், கேளு என்றார். ஒன்றுமில்லை சார் என்று கதவுவரை வந்துவிட்டேன். பிறகு திரும்பினேன்.

"சார், இனிமே நீங்களே கூப்பிட்டாலும் உடனே மாத்தித் தரமாட்டோம். போனை வெச்சிட்டு, எங்ககிட்ட இருக்கற உங்க நம்பருக்கு நாங்க திரும்பக் கூப்பிடுவோம். அதுக்காக எங்க மேஜைல யாரையும் திட்டாதீங்க சார்."